மகாராணிக்குப் படுக்கை

தூக்கத்தை ஆராய்ச்சி செய்பவளுக்கே தூக்கம் வராது என்பது ஒரு கொடுமை. அதைச் சொல்லிச் சிரிக்க ஒரு புருஷன் இருப்பது அதைவிடப் பெரிய கொடுமை. குரங்கினத்திலேயே மிகக் குறைவாகத் தூங்குவது மனிதன்தான் என்று எழுதி அவள் முனைவர் பட்டம் வாங்கியவள். சில குரங்குகள் ஒரு நாளில் பதினேழு மணி நேரம் தூங்கும். சிம்பன்சிக்கு ஒன்பது சொச்சம், மனிதனுக்கு ஏழு. இவளுக்கு நாலு. "அப்போ எங்க எல்லாரையும் விட நீதான் ரொம்ப முன்னேறிட்டே" என்பார் புருஷன். அடுத்த நிமிஷம் குறட்டை விடுவார்.

மிருகக்காட்சிசாலையில் அவளை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். சளிக்கும் சுளுக்குக்கும் மாத்திரை கேட்பார்கள். நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டாள். அவள் வேலை, மகாராணி என்கிற ஆறு வயது ஒராங்குட்டானின் தூக்கத்தைக் கணக்கெடுப்பது.

மகாராணியின் தாய் பிரசவத்திலேயே போய்விட்டது. காட்டில் தாய் ஒராங்குட்டான் தினமும் சாயங்காலம் கிளைகளை வளைத்து மரத்தின் மேல் படுக்கை கட்டும். குட்டி வருஷக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளும். அப்படிக் கட்டத் தெரிந்ததால்தான் பெரிய குரங்குகள் விழும் பயமில்லாமல் ஆழ்ந்து தூங்கின, அந்த நல்ல தூக்கம்தான் மூளையைத் தீட்டியது என்று ஆராய்ச்சியாளர்களில் ஒரு கட்சி உண்டு. டாக்டரும் அந்தக் கட்சிதான். தாயில்லாத மகாராணி தானாகப் படுக்கை கட்டினால், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உயரமான மரங்கள் உள்ள அடைப்பில் மற்ற ஒராங்குட்டான்களோடு விடுவார்கள். இல்லாவிட்டால் இந்தச் சிமெண்ட் அறையில் ஒண்டிக்கட்டையாகவே கிடக்க வேண்டியதுதான்.

கணக்கெடுத்த இருபத்தொரு நாளும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கேமரா ஓட ஆரம்பிக்கும்போது படுக்கை தயாராக இருந்தது. டாக்டருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அடைப்பில் விடலாம் என்று வெள்ளிக்கிழமையே கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிறு சாயங்காலம், மறந்துவிட்டுப்போன மூக்குக்கண்ணாடியை எடுக்க வந்தவள், கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்து அப்படியே நின்றாள். மணி ஐந்தே முக்கால். மகாராணியை வளர்த்த பராமரிப்பாளர் முட்டி போட்டு உட்கார்ந்து, கிளைகளை வளைத்து, தண்டு வெளியே இலை உள்ளே என்று அடுக்கிக்கொண்டிருந்தார். முடித்ததும் இரண்டு தட்டுத் தட்டினார், எழுந்து நகர்ந்தார். மகாராணி ஏறிப் படுத்துக்கொண்டது.

"அண்ணா, என்ன பண்றீங்க?"

"படுக்கை போடறேன் டாக்டரம்மா."

"எத்தனை நாளா?"

"அது குட்டியா வந்த நாள்லேருந்து."

"கிளையைப் போட்டுட்டு வெளிய வந்துடுங்கன்னு நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. கிளையைத்தான் போட்டேன். கொஞ்சம் ஒழுங்காப் போட்டேன்." அவர் தலையைச் சொறிந்தார். "ஆறு மணிக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கணும்னும் நீங்கதானே சொன்னீங்க."

சொன்னாள்தான். படுக்கையில் ஏறியபின் தூங்கும் நேரம்தானே வேண்டும் என்று கேமராவை ஆறு மணிக்கு வைத்த மகாபுத்திசாலியும் அவளேதான். யார்மேல் எரிந்து விழுவது என்று தெரியாமல் அவர்மேலேயே விழுந்தாள்.

"நாளைக்கு நாப்பது அடி உயரத்துல இதுக்கு யார் படுக்கை போடுவா? நீங்க ஏறுவீங்களா? வெறுங்கிளையில உக்காந்து தூங்கி, விழுந்து கழுத்தை முறிச்சுக்கும்."

அவர் முகம் செத்துப்போயிற்று. "எனக்கு அது தோணவே இல்ல."

"எனக்கும்தான் தோணல. இப்ப அதைப் பிரிங்க."

படுக்கையைப் பிரித்து மூலையில் குவிக்கச் சொன்னாள். அவரைக் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்காரச் சொன்னாள். அது படுப்பதற்கு முன் அவர் வெளியே வந்தால் மகாராணி கதவை உடைத்துவிடும். டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கம்பிக்கு வெளியே உட்கார்ந்தாள். இன்று கட்டாவிட்டால் கையெழுத்தை வாபஸ் வாங்க வேண்டும், இயக்குநர் முன்னால் அசடு வழிய வேண்டும்.

மகாராணி குவியலைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. அவர் கையைப் பிடித்து இழுத்து ஒரு கிளைமேல் வைத்தது. அவர் கூரையைப் பார்த்தார்.

"பாவம் டாக்டரம்மா."

"பாவ புண்ணியமெல்லாம் என்கிட்ட பேசாதீங்க. கையை எடுங்க."

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆறு இருபதுக்கு மகாராணி ஒரு கிளையை இழுத்தது. வளைத்துக் காலால் மிதித்தது. அதன் குறுக்கே இன்னொன்று. தண்டு வெளியே, இலை உள்ளே. டாக்டர் எழுந்தே விட்டாள். வட்டம் முடிந்தது. மகாராணி இரண்டு தட்டுத் தட்டியது, நகர்ந்து நின்றது.

படுக்கவில்லை. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது. மறுபடியும் இரண்டு தட்டு.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டாள். ஆறு வருஷமாக அது பார்த்ததெல்லாம் இதுதானே. படுக்கை என்றால் இன்னொருவருக்குப் போடுவது, தட்டிவிட்டு நகர்ந்து நிற்பது.

"என்னைப் படுக்கச் சொல்லுது டாக்டரம்மா."

"கண்ணு தெரியுது எனக்கு."

"என்ன பண்ணட்டும்?"

தினமும் நிரப்பும் படிவத்தில் இரண்டே கட்டம்: 'தானே கட்டிப் படுத்தது', 'கட்டவில்லை'. மூன்றாவது கட்டம் போட எந்தப் புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. படிவம் தயாரித்ததும் அவள்தான்.

"படுத்துத் தொலைங்க" என்றாள்.

படுத்தார். நெடுங்கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முதல் பஸ்ஸைப் பிடிக்க விடிவதற்கு முன்பே எழுகிற மனிதர். இரண்டு நிமிஷத்தில் நிஜமாகவே குறட்டை வந்தது. ஊரில் எல்லோருக்கும் எப்படித்தான் வருகிறதோ என்று டாக்டருக்கு வயிறு எரிந்தது.

மகாராணி குனிந்து அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு மிச்சக் கிளைகளை இழுத்து வந்து, அவருக்குப் பக்கத்திலேயே வளைத்தது, மிதித்தது, அடுக்கியது. இந்த முறை தட்டவில்லை. ஏறிப் படுத்து, ஒரு பெரிய இலையைத் தலைமேல் இழுத்துக்கொண்டது.

மனிதக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்குவதில்லை, யாராவது ஒருவர் விழித்திருப்பதால்தான் மற்றவர்களால் நிம்மதியாகத் தூங்க முடிகிறது என்று அவளே மேடை மேடையாகப் பேசியிருக்கிறாள். அந்த வேலையும் என் தலையில்தானா என்று முணுமுணுத்தபடி இரண்டு கட்டங்களையும் அடித்துவிட்டு, கீழே எழுதினாள்: "கட்டியது. இரண்டு." வெள்ளிக்கிழமைக் கையெழுத்து அப்படியே இருக்கட்டும்.

மணி ஏழாகப்போகிறது. அவரை எழுப்பி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கம்பியைத் தட்டக் கையை ஓங்கினாள். நாளை பத்து மணிக்கு மேல் இந்த மனிதருக்கு யார் படுக்கை போடப்போகிறார்கள் என்று தோன்றியது. கையை இறக்கிக்கொண்டு மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.