நாற்பத்தோராம் இலக்கம்

"அத்தானிட்ட ஒண்டு கேக்கோணும், அக்கா."

"கேளன். அவர் என்ன, கடிக்கப்போறாரே?"

"இப்ப வேண்டாம். பிறகு பாப்பம்."

நிலூஷாவின் கல்யாணத்தன்று, கேக் வெட்டி முடிந்த கையோடு தம்பி பிறெடி அவளிடம் சொன்னது அது. மூன்று வருடமாகியும் அந்தப் 'பிறகு' வரவில்லை. ஏதோ வேலைக்குச் சிபாரிசு கேட்கக் கூச்சப்படுகிறான் என்றே அவள் நினைத்திருந்தாள். அவள் கணவன் றொஹான் படையில் அதிகாரி. நாலு பேரைத் தெரிந்தவன்.

கல்யாணத்துக்கு முன்பே பிறெடியும் படையில் சேர்ந்து பார்த்தவன்தான். ஐந்தாவது வாரமே விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். ஏன் என்று கேட்டால் சோறு சரியில்லை என்பான். இப்போது வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு, அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவான்.

அந்த ஞாயிறும் வந்திருந்தான். மகளோடு இருக்கும் மம்மி றோஸி அவன் பிளேட்டில் மூன்றாவது அகப்பைச் சோற்றைப் போட்டாள்.

"வடிவாச் சாப்பிடு. இல்லாட்டி இங்கயிருந்தும் எழுதிக் குடுத்திட்டு ஓடிடுவாய்."

பிறெடியும் சேர்ந்து சிரித்தான். பழகிப்போன பகிடி.

உள்ளறையில் றொஹான் அலுமாரிக் கண்ணாடியின் முன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் உரை அவனுடையது. எழுதி வைக்க ஒன்றுமில்லை, தான் சேர்ந்த நாளில் தன் அதிகாரி சொன்னதை, அவருக்கு அவருடைய அதிகாரி சொன்னதை, வரி பிசகாமல் சொன்னால் போதும் என்று காலையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது நிலூஷாவிடம் சொல்லியிருந்தான். வீட்டில் பூனையைக்கூட அதட்டத் தெரியாத மனுசன். வெட்கத்தோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தவன், திடீரென்று குரலை உயர்த்தினான். சிங்களத்தில் அது வாசல்வரை அதிர்ந்தது. இன்றிலிருந்து உனக்குப் பெயர் இல்லை. பெற்றவள் இல்லை. நீ ஒரு இலக்கம். சொல், என்ன இலக்கம்?

கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது. பிறெடி எழுந்து நின்றான். குதிகால்கள் ஒட்டியிருந்தன. நெஞ்சோடு பிடித்த பிளேட்டிலிருந்து குழம்பு சட்டையில் வழிந்தது.

"ஹத்தலிஸ் எக, சேர்!"

நாற்பத்தொன்று. தம்பியின் தொண்டையிலிருந்து அப்படியொரு குரலை நிலூஷா கேட்டதே இல்லை. கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. இருடா, இருடா என்று மம்மி கெஞ்சினாள். அவன் காதில் ஒன்றும் ஏறவில்லை. எதிரே சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சாரமும் பெனியனுமாக ஓடி வந்த றொஹான் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். இப்படி நிற்கும் பையன்களை அவன் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறான். சாப்பாட்டு மேசையில் பார்த்ததில்லை.

"பிறெடி," என்றான் மெதுவாக.

அப்போதுதான் பிறெடி பிளேட்டை மேசையில் வைத்தான். நிலூஷா கதிரையை நிமிர்த்தி அவனை இருத்தினாள். ஏதும் கேட்காமலே அவன் சொல்லத் தொடங்கினான். முதல் நாள் பெயரைக் கேட்டார்களாம், சொன்னானாம். அந்தப் பெயரில் இங்கே ஒருவனும் இல்லை என்று தொண்டை கட்டும்வரை அவனையே கத்த வைத்தார்களாம். நாலாம் வாரம் மம்மியின் கடிதம் வந்தது. அதிகாரி உறையைத் தூக்கிக் காட்டி, இது யாருக்கு என்று கேட்டார். இங்கே அப்படி ஒருவரும் இல்லை, சேர், என்று சொன்னவன் பிறெடிதான். அன்றைக்கு யாரும் அவனை அடிக்கவில்லை, மிரட்டவுமில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. தன்னை நினைத்தே பயந்துதான் அடுத்த வாரம் எழுதிக் கொடுத்தானாம்.

"நான் விலாசத்தைப் பிழையா எழுதிப்போட்டன் எண்டெல்லே நினைச்சன்," என்றாள் மம்மி. திரும்பி வந்த அந்தக் கடிதம் இன்னும் மாதா சுரூபத்தின் கீழே, பிரிக்காமல் கிடந்தது.

றொஹானின் முகம் வெளுத்திருந்தது. "எங்களுக்கும் இதைத்தான் சொன்னவை, பிறெடி. நான் ஒருநாளும் யோசிச்சுப் பாக்கேல்ல."

பிறெடி சட்டையிலிருந்த குழம்பை விரலால் வழித்தான்.

"அத்தான், உங்களிட்ட ஒண்டு கேக்கோணும்."

நிலூஷா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு வாற பெடியளை ஓடச் சொல்லுங்கோ, வெயில்ல நிக்கச் சொல்லுங்கோ, என்னவெண்டாலும் செய்யச் சொல்லுங்கோ. ஆனா பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ."