கால் எட்டாத பைக்

"மாடு காலமை தொடக்கம் கத்துது. ஒருக்கா வாறியளோ?"

இந்த அழைப்பு வராத நாள் குகதாசனுக்கு இருந்ததில்லை. கொடிகாமத்தில் இருந்துகொண்டு தென்மராட்சியிலும் வடமராட்சி கிழக்கிலும் பசுக்களுக்குச் சினை ஊசி போடுகிறவர் அவர். உறையவைத்த விந்துக் குழாய்களைத் திரவ நைதரசன் நிரப்பிய கலனுக்குள் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோக வேண்டும். பசு வேட்கையில் நிற்பது ஒரு பகல்தான். தவறவிட்டால் பிறகு மூன்று கிழமை காத்திருக்க வேண்டும். அம்பனைத் தாண்டினால் ஒழுங்கைகள் பல வெறும் மணல். அதனால்தான் அவர் ட்ரெயில் பைக் வைத்திருந்தார். தார் வீதிக்கும் மணலுக்கும் சேர்த்துச் செய்த, ஒற்றைச் சிலிண்டர் ஜப்பான் வண்டி. பின்னால் இரும்புச் சட்டம் ஒட்டி, அதில் கலனை நிமிர்த்திக் கட்டியிருப்பார்.

வண்டி பழையது. அவருக்கும் ஐம்பத்து நான்கு வயது. எயார் ஃபில்ரரை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைப்பது, செயினில் ஒட்டிய மணலைத் தூரிகையால் தட்டுவது, ஒயில் மாற்றுவது எல்லாம் அவரே செய்வார். கொஞ்ச காலமாக அந்த வேலைகள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தன. முன் ஃபோர்க்கில் ஒயில் கசிந்தது. சைலன்சரில் நீலப் புகை வந்தது. பிஸ்ரன் றிங் தேய்ந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். கிக் அடிப்பதை இலகுவாக்க ஒரு சின்ன லீவர் இருந்தது. அதன் கேபிள் அறுந்து எவ்வளவு காலம் என்பதே மறந்துவிட்டது. ஒரு நாள் கிக்கர் திருப்பி அடித்ததில் வலது முழங்கால் வீங்கியது. வீக்கம் முழுதாக வற்றவேயில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் வண்டியை மாமரத்தடியில் விட்டுவிட்டு, சில நாட்களில் சாப்பிடாமலே படுத்துவிடுவார்.

ஆடி மாதம் நல்லூர்த் திருவிழாவுக்கென்று தம்பி தேவராசா கனடாவிலிருந்து வந்தான். அவன் அங்கே லொறி ஓடுகிறவன்; இதே வகைத் தன் பைக்கில் பாயும் வீடியோக்களைத் தமையனுக்கு அடிக்கடி அனுப்புவான். பெரிய பெட்டி இரண்டில் ஒன்றைத் திறந்தபோது அதற்குள் உடுப்பு ஒன்றுமில்லை. குமிழித்தாளில் சுற்றிய வண்டிச் சாமான்கள்.

"எல்லாம் உங்கடை பைக்குக்குத்தான் அண்ணை," என்றான். "பெரிய பிஸ்ரனோடை புதுச் சிலிண்டர். இது காபரேற்றர். இந்த ஷொக்கைப் பாருங்கோ, ரேஸ் ஓடுறவங்கள் போடுற சாமான். பின்பக்கம் நல்லா உயரும். மணலிலை பறக்கலாம்."

குகதாசன், பின்சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் அந்தச் சுருள் ஷொக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். சுருளின் தடிப்பைப் பார்த்ததுமே அது தனக்குரியதல்ல என்று தெரிந்தது. அவர் கட்டையான மனிதர். பழைய ஷொக்கிலேயே இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் படாது. றிங்கும், லீவருக்கு ஒரு கேபிளும், ஃபோர்க் சீலும் இருந்தால் போதும் என்று சொல்ல வாயெடுத்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். தம்பி சின்ன வயதில் முதன்முதலாகச் சைக்கிள் மிதித்த நாளில் இருந்த முகம் அது.

"நல்ல சாமான்தான்," என்றார்.

வேலை மூன்று நாள் நடந்தது. தேவராசா சேர்ட்டைக் கழற்றிவிட்டு, சாக்கில் சம்மணமிட்டு இருந்தபடி எஞ்சினைப் பிரித்தான். கையில் கரி அப்பியிருக்க, எதையோ முணுமுணுத்துப் பாடினான். குகதாசன் காலையில் மூன்றுசக்கர வண்டியில் கிட்டடி வீடுகளுக்கு மட்டும் போய்விட்டு வந்து, அவன் கேட்ட ஸ்பனரை எடுத்துக் கொடுத்தார். பழைய ஷொக் கழன்றது. புதியது ஏறியது. உயரமான ஹான்டில், அகலமான ரயர், புதுச் சைலன்சர் எல்லாம் ஏறின. எஞ்சினை முதல் தடவை இயக்கியபோது பக்கத்து வளவில் கட்டியிருந்த ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது.

"ஏறிப் பாருங்கோ அண்ணை."

குகதாசன் ஏறினார். ஒரு பக்கத்துப் பெருவிரல் நுனி மட்டும் நிலத்தைத் தொட்டது. மறுகால் அந்தரத்தில் தொங்கியது. தேவராசா ஹான்டிலைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அவனுக்கு அது தெரியவில்லை.

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு."

உதயகலா குசினி வாசலில் நின்று கணவரின் காலைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த நாள் தேவராசா விடியவே நல்லூருக்குப் புறப்பட்டுப் போனான். அவன் போன கையோடு வடமராட்சி கிழக்கு நாகர்கோவிலில் இருந்து நல்லம்மா அழைத்தார். கணவர் இல்லாத மனுசி. இருந்தது ஒரேயொரு பசு. போன இரண்டு தடவையும் சினை பிடிக்கவில்லை.

"தம்பி, மாடு நிலை கொள்ளாமல் நிக்குது. இந்த முறையும் விட்டால் நான் இதை விக்கத்தான் வேணும்."

"வாறன் அக்கா. கட்டி வையுங்கோ."

கிக்கர் பாறை மாதிரி இருந்தது. பெரிய பிஸ்ரனின் அழுத்தம் முழுவதும் அவருடைய முழங்காலில் இறங்கியது. நாலாவது உதையில் வண்டி உறுமியது. மதிலோடு சாய்ந்தபடி ஏறி, ஏறின வேகத்தில் புறப்பட்டார். வரணி வரையும் ஒன்றும் குறை சொல்வதற்கில்லை. வண்டி பாய்ந்துகொண்டு போனது. அம்பன் தாண்டிய பிறகு சோளகக் காற்று வீதியில் மணலை வரி வரியாக இழுத்துப் போட்டிருந்தது. நாகர்கோவில் ஒழுங்கைக்குத் திரும்பும் இடத்தில் எதிரே ஒரு லான்ட் மாஸ்ரர், இரண்டு சக்கர உழவு இயந்திரம், பெட்டியோடு வந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார். பழைய வண்டியென்றால் காலை ஊன்றி நின்றிருப்பார். இப்போது ஊன்றப் போன கால் நிலத்தைத் தேடிக்கொண்டே போக, வண்டியோடு அவரும் சரிந்தார்.

மணல் என்பதால் எலும்பு முறியவில்லை. ஆனால் கட்டு அறுந்து கலன் உருண்டுபோய்க் கிடந்தது. மூடி ஒரு பக்கம், கலன் ஒரு பக்கம். கலனின் வாயிலிருந்து வெள்ளைப் புகை மணலின் மேலே தவழ்ந்து, காற்றில் கலைந்தது. அவர் முழங்காலில் ஊர்ந்துபோய்க் கலனை நிமிர்த்தினார். உள்ளே ஒரு துளி நைதரசனும் இல்லை. இருந்த குழாய்கள் அத்தனையும் இனி உதவாது. லான்ட் மாஸ்ரர்காரர் இறங்கி வந்து வண்டியைத் தூக்கிவிட்டார்.

"ஐயாவுக்குக் காயமோ?"

"இல்லைத் தம்பி. ஒருக்கா இதைப் பிடிச்சுக்கொண்டு நில்லும், நான் ஏறுறன்."

திரும்பிப் போயிருக்கலாம். அவர் நல்லம்மா வீட்டுக்குத்தான் போய், எஞ்சினை அணைக்காமல் வண்டியை வாசல் தூணில் சாய்த்து இறங்கினார். வேலியோடு கட்டியிருந்த பசு வண்டிச் சத்தத்துக்கு மிரண்டு கயிற்றை இழுத்துக்கொண்டு சுற்றியது. நல்லம்மா வெற்றுக் கலனையும் அவருடைய சேர்ட்டில் இருந்த மணலையும் பார்த்தார்.

"விழுந்திட்டியளோ?"

"ஓம் அக்கா. எல்லாம் கொட்டிப் போச்சு. வெற்றினரி ஒஃபிசுக்கு நைதரசன் வர இன்னும் நாள் இருக்கு. இண்டைக்கு ஏலாது."

நல்லம்மா ஏச வாயெடுத்து, பிறகு விட்டுவிட்டார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "அப்ப அடுத்த முறை பாப்பம்," என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் குகதாசனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

புறப்படும்போது அவரால் வண்டியில் ஏற முடியவில்லை. முழங்கால் மடங்க மறுத்தது. கிணற்றுக்கட்டின் ஓரமாக வண்டியைத் தள்ளிப்போய், நல்லம்மா இரண்டு கையாலும் ஹான்டிலைப் பிடித்திருக்க, அந்தக் கட்டின் மேல் ஏறி நின்று ஒரு குழந்தையைப் போல இருக்கையில் ஏறினார். வீடு வரைக்கும் எங்கும் நிறுத்தவில்லை. சந்திகளில் நிறுத்த வேண்டி வராதபடி தூரத்திலேயே ஹோர்ன் அடித்தார். வீட்டு வாசற் படலைக்குள் வந்த பிறகும் நிறுத்த வழி தெரியாமல் மாமரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"கலா! ஓடி வந்து பிடி!"

வேட்டியோடு ஓடிவந்து பிடித்தது தேவராசா. அவன் கோயிலில் இருந்து அப்போதுதான் திரும்பியிருந்தான். தமையனின் காற்சட்டையில் முழங்காலடி கிழிந்து இரத்தம் காய்ந்திருந்தது. அவரை வாங்குப் பலகையில் இருத்த இறக்கும்போதுதான் அவருடைய கால் எங்கே தொங்கியது என்பதை அவன் கவனித்தான்.

"எட்டாதெண்டு ஏன் அண்ணை சொல்லேல்லை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமெல்லோ?"

குகதாசன் காற்சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார்.

"சொல்லவும் களைப்பா இருந்தது தம்பி."

தேவராசாவுக்கு முகம் சுருங்கிப்போனது. உதயகலா வெந்நீரும் துணியும் கொண்டுவந்து காயத்தைத் துடைத்தாள்.

"இவர் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவார்," என்றாள். "மாட்டுக்காரருக்கும் ஓம். வெற்றினரிக் கந்தோருக்கும் ஓம். நான் உந்தக் காலை டொக்டரிட்டைக் காட்டச் சொன்னாலும் ஓம். ஆனால் போகமாட்டார்."

"நான் கேட்டிருக்க வேணும் மச்சாள்," என்றான் தேவராசா. நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்கு இந்த வேலை செய்யவேணும் போலை இருந்தது. அவ்வளவுதான். அங்கை நான் பைக்கை வித்து மூண்டு வருசம். அனுப்பின வீடியோ எல்லாம் முந்தி எடுத்தது. லொறி ஓடிப்போட்டு வந்தால் சப்பாத்தைக் கழட்டவும் மனமிராது. அப்பிடியே கதிரையிலை நித்திரையாப் போவன். இந்தச் சாமான் எல்லாம் என்ரை பைக்குக்கு வாங்கினது. போடாமலே கிடந்தது."

குகதாசன் தம்பியை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துத் தடித்திருந்தது. வந்த நாளிலிருந்து அது இருந்திருக்க வேண்டும்.

"என்னடா, சொல்லேல்லை நீ," என்றார்.

"நீங்களும்தான் சொல்லேல்லை."

மறுநாள் காலை அவர்கள் வண்டியை மறுபடி பிரித்தார்கள். இந்தத் தடவை அவசரப்படவில்லை. இடையிடையே தேநீர் குடித்தார்கள். ஒருமுறை வேலையை நடுவில் விட்டுவிட்டு இருவரும் பாயில் படுத்து நித்திரையாகிவிட்டார்கள். பழைய சிலிண்டரை யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் கடைசல் பட்டறையில் உள்ளே கடைந்து, அதற்கு அளவான பிஸ்ரனும் றிங்கும் போட்டார்கள். பழைய ஷொக் திரும்பி வந்தது. அதன் அடியில் இருந்த இணைப்புத் தகட்டுக்குப் பதிலாகக் கொஞ்சம் நீளமான ஒன்றைப் பட்டறையில் வெட்டுவித்துப் பூட்டினார்கள்; பின்பக்கம் இறங்கியது. அதற்கு ஈடாக முன்பக்கமும் தாழ, ஃபோர்க்குகளைக் கிளாம்புக்குள்ளால் மேலே ஏற்றி, புது சீலும் போட்டார்கள். இருக்கையின் பஞ்சை உதயகலா மரக்கறி வெட்டும் கத்தியால் சீவிக் கொடுத்தாள். லீவருக்குச் சரியான கேபிள் எங்கும் கிடைக்கவில்லை. தேவராசா ஒரு சைக்கிள் பிறேக் கேபிளை வாங்கி, நுனியை வெட்டிப் பொருத்தினான். அகலமான ரயரை மட்டும் விட்டுவைத்தார்கள். மணலில் அது நல்லதுதான்.

"இப்ப ஏறுங்கோ. பொய் சொல்லக்கூடாது."

இரண்டு பாதமும் குதிகாலோடு நிலத்தில் படிந்தன. குகதாசன் லீவரை அழுத்திக்கொண்டு கிக்கரை மிதித்தார். அது மெத்தென்று இறங்கியது. எஞ்சின் பழைய மெல்லிய சத்தத்தோடு ஓடியது. அவருக்குச் சந்தோஷத்தை விட, இவ்வளவு காலம் ஏன் இதைச் செய்யாமல் இருந்தோம் என்ற அலுப்புத்தான் வந்தது.

முழங்கால் ஆறும்வரை தேவராசாதான் வண்டி ஓட்டினான். குகதாசன் கலனை மடியில் அணைத்தபடி பின்னால் இருந்தார். நல்லம்மாவின் பசு அடுத்த தடவை கத்தியபோது இருவரும் போனார்கள். தேவராசா வாலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பசு அவன் காலில் உதைத்தது. திரும்பி வரும் வழியில், அம்பனுக்கு இப்பால், அவன் கேட்டான்:

"ஒவ்வொரு நாளும் இவ்வளவு தூரமோ அண்ணை?"

"ஓம்."

அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

அவன் விமானம் ஏறிய மறுநாள் குகதாசன் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தார். வடமராட்சி கிழக்கில் மருதங்கேணிப் பக்கத்தை இனித் தன்னால் பார்க்க முடியாது, வேறு ஆளைப் போடுங்கள் என்று சொன்னார். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் உடனே ஆள் இல்லை, பார்ப்போம் என்றார். குகதாசன் "இல்லை, ஏலாது," என்று இன்னொரு தடவை சொன்னார். குசினிக்குள் நின்ற உதயகலா அடுப்பை விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"சொல்லிப்போட்டியளோ?"

"சொல்லிப்போட்டன்."

அன்று மத்தியானம் அதே மருதங்கேணிப் பக்கத்துச் செம்பியன்பற்றில் இருந்து ஓர் அழைப்பு வந்தது. மாடு கத்துகிறதாம். குகதாசன் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே மாமரத்தடியில் நின்ற வண்டியைப் பார்த்தார்.

"வேறை ஆள் வரும்வரைக்கும் நான் வாறன்," என்றார். "ஆனால் இண்டைக்குச் சாப்பிட்டிட்டுத்தான் வருவன். மாட்டை நிழலிலை கட்டுங்கோ."