சாப்பாட்டு மேசைக்கு ஒரு மாற்றாள்

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: பஸ் டிப்போ டைம் கீப்பரின் மனைவி, அவர்களுடைய ஒரே மகள், டைம் கீப்பரின் அக்கா, அக்காவின் கணவர், இவர்களோடு, அந்தக் குடும்பத்துக்கு எந்த வகையிலும் உறவில்லாத ஒரு ஸ்பேர் டிரைவர். டைம் கீப்பர் இல்லை. அவருடைய நாற்காலியில் ஸ்பேர் டிரைவர் உட்கார்ந்திருந்தார். இதில் மறைக்க ஒன்றுமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டால் ஊர் வாய்க்கு வேலை குறையும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டுக்கு ஆள் அனுப்பும் வழக்கம் இந்தக் குடும்பத்தில் அதற்கு முன்பு இருந்ததில்லை. பின்பும் இல்லை.

டைம் கீப்பரை டிரைவர்கள் ‘அட்டவணை’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால். நூற்று நாற்பது டிரைவர்களில் எந்த வண்டியை யார் எத்தனை மணிக்கு எடுப்பது என்று எழுதுவது அவர் வேலை. பத்தொன்பது வருடத்தில் ஒரு வண்டிகூட ஆள் இல்லாமல் நின்றதில்லை. யாராவது வராவிட்டால் ஸ்பேர் டிரைவரைக் கூப்பிட்டு, கையில் ஒரு மாற்றாள் சீட்டைக் கொடுத்து அனுப்புவார். யாருக்குப் பதில் யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று அதில் இருக்கும். போன இடத்தில் பொறுப்பானவர் நேரம் போட்டு, குறிப்பு எழுதி, கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஓய்வு விஷயத்தில் அவர் கறார் பேர்வழி. ஆறு நாள் ஓட்டியவனை ஏழாவது நாள் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்.

“வீட்டுல இருந்து என்ன சார் பண்றது?” என்று கேட்பார்கள்.

“அது என் லிஸ்ட்ல வராது. போ.”

அந்தப் பட்டியலின் கடைசி வரிசை அவருடையது. ஏழு கட்டங்கள். ஏழிலும் ‘பணி’ என்று அவருடைய கையெழுத்திலேயே இருக்கும். ஒன்பது வருடமாக அப்படித்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், மேசை வேலை வேறு யாருக்குத் தெரியும் என்று திருப்பிக் கேட்டிருப்பார். வேறு யாருக்கும் தெரியாததற்குக் காரணம், அவர் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அரைகுறையாகத் தெரிந்தவர் இரண்டாவது எழுத்தர் ஒருவர்தான்.

மகள் கண் பரிசோதனைப் படிப்புக்காக வெளியூர் போகிறாள். மூன்று வருடம். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு ரயில். போவதற்கு முன் அவள் கேட்டது ஒன்றுதான்: அன்று மதியம் அப்பா தன் நாற்காலியில் உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை எல்லோரோடும் சாப்பிட வேண்டும். சரி என்று வாக்குக் கொடுத்திருந்தார். சட்டைப்பை டைரியில் ‘ஞாயிறு 1.00, வீடு’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்.

பதினொன்றரைக்கு, அன்று மதியம் மேசையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய இரண்டாவது எழுத்தரின் மனைவி போன் செய்தாள். கணவருக்குப் பல் பிடுங்கியிருக்கிறது, வாயைத் திறக்க முடியவில்லை, வரமாட்டார்.

டைம் கீப்பர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சுவரோர பெஞ்சைப் பார்த்தார். அன்றைக்கு எல்லா டிரைவர்களும் வந்துவிட்டதால் ஓட்ட வண்டியில்லாமல் ஸ்பேர் டிரைவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, நல்ல உயரம், எந்த ரூட்டுக்கும் முகம் சுளிக்காத மனிதர். ஓர் இடம் காலியாக இருந்தால் அதில் ஓர் ஆளைப் போட வேண்டும். டைம் கீப்பருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். சீட்டை எடுத்து எழுதினார்.

“எந்த ரூட் சார்?”

“என் வீடு.”

“வண்டி?”

“வண்டி இல்ல. சாப்பிடணும்.”

ஸ்பேர் டிரைவர் பேப்பரை மடித்தார். “சார்?”

“என் நாற்காலில உட்காரு. ஒன்றரை மணி நேரம். பொண்ணு ஊருக்குப் போறா. இடம் காலியா இருந்தா மனசு கஷ்டப்படும்.”

“நான் உட்கார்ந்தா கஷ்டப்படாதா சார்?”

“காலியா இருக்கறதுக்கு இது தேவலை. கிளம்பு.”

வீட்டிலிருந்து போன் வரும், மனைவி சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்து என்ன பதில் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தார். போன் வரவில்லை. யோசித்து வைத்த பதில் வீணாய்ப் போனது. நாலு பிஸ்கட் தின்று தண்ணீர் குடித்தார்.

மூன்று மணிக்கு ஸ்பேர் டிரைவர் வயிறு நிறைந்த முகத்தோடு திரும்பி வந்தார்.

“என்ன சொன்னாங்க?”

“அம்மா கதவைத் திறந்தாங்க. சீட்டைக் குடுத்தேன். ரெண்டு தடவை படிச்சாங்க. ‘உள்ள வாங்க’ன்னாங்க. அவ்வளவுதான்.”

“கோபமா?”

“இல்ல சார். அதான் எனக்கே பயமா இருந்துச்சு.”

“அக்கா?”

“‘என் தம்பி இவ்வளவு உயரமா இருந்ததில்லையே’ன்னாங்க. அப்புறம் ரெண்டு முட்டை வச்சாங்க.”

டைம் கீப்பர் பேனாவை மூடித் திறந்தார். “பொண்ணு?”

“தங்கமான பொண்ணு சார். பெட்டி ஜிப் சிக்கியிருந்துச்சு, எடுத்துக் குடுத்தேன். விடுதில ஜன்னல் பக்கம் கட்டில் கிடைக்குமான்னு கவலைப்படுது. நீச்சல்ல ரெண்டாவது வந்துச்சாமே?”

டைம் கீப்பருக்கு அது தெரியாது.

“தெரியும்,” என்றார்.

சீட்டை வாங்கிப் பார்த்தார். மகளின் கையெழுத்து. வந்த நேரம் 12.56. கிளம்பிய நேரம் 2.35. குறிப்பு: ‘நேரத்துக்கு வந்தார். வேலை திருப்தி. இவரையே நிரந்தரமாகப் போடலாம்.’

பத்தொன்பது வருடத்தில் இந்த மூன்றாவது வாக்கியத்தை அவரே மூன்று பேருக்குத்தான் எழுதியிருக்கிறார். சீட்டைக் கோப்பில் சொருகினார். மறுபடி எடுத்தார். மறுபடி படித்தார். அதில் எழுத்துப் பிழைகூட இல்லை.

“ரயில் அஞ்சு நாப்பதுக்கு சார்.”

“எனக்குத் தெரியாதா?”

“இல்ல, தெரிஞ்சும் உட்கார்ந்திருக்கீங்களேன்னு சொன்னேன். எனக்கு ஒரு சீட்டு எழுதுங்க. மேசையை நான் பார்த்துக்கறேன்.”

“உனக்கு மேசை வேலை தெரியாது.”

“உங்க அக்காவுக்குத் தம்பியா இருக்கவும்தான் எனக்குத் தெரியாது. போய் இருந்துட்டு வரல?”

டைம் கீப்பர் சீட்டுப் புத்தகத்தை இழுத்தார். டிப்போ மேசைக்கான சீட்டில், ‘யாருக்குப் பதில்’ என்ற இடத்தில், முதல் முறையாகத் தன் பெயரை எழுதினார். பதினொரு உத்தரவுகள் சொன்னார். ஸ்பேர் டிரைவர் மூன்றைக் காதில் வாங்கினார். டைம் கீப்பர் தன் வீட்டுக்கும் ஒரு சீட்டு எழுதிக்கொண்டு கிளம்பினார். சீட்டு இல்லாமல் ஓர் இடத்துக்குப் போய் அவருக்குப் பழக்கமில்லை.

கதவைத் திறந்தவர் அக்காவின் கணவர். மேலும் கீழும் பார்த்தார்.

“யாரு வேணும்?”

“மச்சான், நான்தான்.”

“சீட்டு இருக்கா?”

இருந்தது. கொடுத்தார். மனிதர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டுத்தான் வழிவிட்டார்.

மனைவி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “சாப்பாடு முடிஞ்சுதுங்க. உங்க பங்கை அவர் சாப்பிட்டுட்டார்.”

டைம் கீப்பர் தன் நாற்காலியின் பின்னால் போய் நின்றார். மகள் உள்ளேயிருந்து வந்து, மாமாவின் கையிலிருந்த சீட்டை வாங்கினாள்.

“அப்பா, அங்க யாரு இருக்கா?”

“ஸ்பேர்.”

“உங்க மேசைலயா?”

“என் மேசைலதான்.”

அவள் சமையலறைக்குப் போனாள். ஐந்து தட்டுகளோடு வந்தாள். மிச்சமிருந்த சோறும் கீரையும் ஒரு முட்டையும் மேசைக்கு வந்தன.

“எல்லாரும் உட்காருங்க.”

“இப்பதானே சாப்பிட்டோம்?” என்றார் அக்காவின் கணவர்.

“பேசாம உட்காருங்க. இது ரெண்டாவது டிரிப்,” என்றாள் அக்கா.

உட்கார்ந்தார்கள். டைம் கீப்பர் அவருடைய நாற்காலியில். முதல் வாய் எடுக்கும்போது சட்டைப்பையில் போன் அடித்தது. டிப்போவாகத்தான் இருக்கும். மனைவி சுவரைப் பார்த்தாள். மகள் தட்டைப் பார்த்தாள். ஒன்பது முறை அடித்து ஓய்ந்தது. அவர் கை பைக்குப் போகவில்லை.

“நீச்சல்ல ரெண்டாவது வந்தியாமே,” என்றார்.

“அது ஆச்சுப்பா, ரெண்டு வருஷம்.”

“முதல்ல வந்தது யாரு?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சொன்னாள். முதலில் வந்தவளுக்கு நீளமான கைகள், போட்டியன்று தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது, இவளோ நீச்சல் கண்ணாடி கழன்று பாதி தூரம் கண்ணை மூடிக்கொண்டே நீந்தினாள். நாலரை மணிவரை சொன்னாள். அவர் நடுவில் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க மிகவும் சிரமப்பட்டார் என்பது எதிரில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது.

ரயில் ஏறும் முன் மகள் சீட்டில் எழுதி அப்பா கையில் கொடுத்தாள். வந்த நேரம் 3.45. குறிப்பு: ‘தாமதம். ஆனால் மாற்றாள் இல்லை, சொந்த ஆள்.’

டிப்போவுக்கு அவர் திரும்பியபோது டிப்போ இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு வண்டி ஆறு நிமிடம் பிந்தியிருந்தது. மற்றவை ஓடியிருந்தன.

“எதுக்கு போன் பண்ணின?”

“சர்க்கரை டப்பா எங்கன்னு கேக்கத்தான் சார். அப்புறம் கிடைச்சுடுச்சு.”

அடுத்த வாரம் பல் சரியான எழுத்தருக்கு மேசை வேலை முழுவதையும் சொல்லிக் கொடுத்தார். ஸ்பேர் டிரைவரும் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பட்டியலின் கடைசி வரிசையில், புதன்கிழமைக் கட்டத்தில், ‘ஓய்வு’ என்று எழுதினார். அன்று மாலை மகளுக்கு வகுப்பு இல்லை; போனில் பேசலாம். முதல் புதன்கிழமை காலை பத்து மணிக்குள் சமையலறை வேலைகளுக்கு அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினார். மனைவி பத்தே காலுக்குக் கிழித்தாள். இரண்டாவது புதன்கிழமை ஒட்டவில்லை. ஜன்னல் பக்கம் கட்டில் கிடைத்ததா என்று மகளிடம் அவரே கேட்டார். கிடைத்திருந்தது.

டைம் கீப்பருக்கு நெஞ்சுவலி வந்தது, டாக்டர் வேலையைக் குறைக்கச் சொல்லிவிட்டார், அதனால்தான் வாரத்தில் ஒரு நாள் வீட்டில் இருக்கிறார் என்று டிப்போவிலும் உறவுக்குள்ளும் ஒரு பேச்சு இருக்கிறது. நெஞ்சுவலி வரவில்லை. எந்த டாக்டரும் எதுவும் சொல்லவில்லை. அவருக்குப் புதன்கிழமை ஓய்வு.