கண்ணை மூடிக்கொண்டு போகும் வழி

ஸாகோரி மலைப்பாதையிலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே நடப்பேன் என்று பீற்றிக்கொண்டுதான் ஸ்தேரியோஸ் வழிகாட்டி வேலையைப் பிடித்திருந்தார். முதல் நாளே, ஏதென்ஸிலிருந்து வந்த நால்வர் பின்தொடர, மூடுபனி இறங்கிவிட்டது. நெடுநேரம் சுற்றியபின் தேவாலய மணியோசை கேட்டதும்தான் அவருக்கு உயிர் வந்தது.

"கேட்டீங்களா? பக்கத்து ஊர் மணி! எங்க ஊர் மணி ஓட்டைப் பானையைத் தட்டின மாதிரி இருக்கும்."

ஓசையைப் பிடித்துக்கொண்டே ஊருக்குள் நுழைந்தால், அது அவருடைய சொந்த ஊரேதான்; சூடான கீரை அடைத் தட்டோடு வீட்டு வாசலில் நின்றவள் அவர் மனைவி எவாந்தியா.

"என்னய்யா, அதுக்குள்ள என் ஞாபகம் வந்துடுச்சா?"

நால்வரும் அவரையே பார்த்தார்கள். வேலை போனது போலத்தான். ஸ்தேரியோஸ் தொப்பியைக் கழற்றினார்.

"நான் சொன்னது பொய்யில்லைங்க. என்ன, கண்ணை மூடிக்கிட்டு எனக்குப் போகத் தெரிஞ்ச வழி இது ஒண்ணுதான்."

முதலில் சிரித்தவள் எவாந்தியாதான்.

"உக்காந்து சாப்பிடுங்க. பனி விலகட்டும், நானே கூட்டிட்டுப் போறேன். இவரும் பின்னாடியே வரட்டும், பாவம்."