வெள்ளிக்கிழமைவரை குடிமகன்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் இவர்கள்: கட்டடத்து நலன்புரிச் சங்கத் தலைவர் நவரட்ணம், பிளாஸ்ரிக் உறை கழற்றாத நீளச் சோபாவின் நட்டநடுவில் இருந்தார், அவர் நடுவில் இருந்ததால் இரண்டு பக்கத்திலும் முழு ஆள் ஒருவருக்கும் இடமில்லை. இடப்பக்கத்து மிச்சத்தில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, பொருளாளர் கமலாம்பிகை. கதவோரக் கதிரையில் பீட்சாக்கடை வேலைக்குப் போகவேண்டிய இரத்தினவேல், ஜக்கெற்றைக் கழற்றாமல். சாப்பாட்டு மேசையில் தாளும் பேனையுமாக வீட்டுக்காரர் பஸ்ரியன். அவருடைய மனைவி றோசலின், கதிரைகள் முடிந்துபோனதால், சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள்.

ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, கனடாவின் ஸ்காபரோவில், கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் அது.

கூட்டம் பஸ்ரியனின் அக்காவைப் பற்றியது. யாழ்ப்பாணத்துக் குருநகரில் தனியாக இருக்கும் மக்டலீனுக்குக் காது கேட்காது. கொழும்பில் வாங்கிய காது மெசின் ஒன்று இருந்தது. அதற்குப் போடும் பொத்தான் அளவு பற்றறி வடக்கே போகவில்லை. கொண்டுபோனவரிடமிருந்து வவுனியாவுக்கு அப்பால் இராணுவத் தடைமுகாமில் பறித்துவிட்டார்கள். அதேமாதிரிப் பற்றறி போட்ட அவருடைய கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்துவிட்டு, அதை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். குண்டுபோட வரும் விமானச் சத்தம் அக்காவுக்குக் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து கையைப் பிடித்து பங்கர் குழிக்குள் இழுத்துக்கொண்டு போவாள். அந்தக் குடும்பம் தை பிறந்ததும் ஊரைவிட்டுப் போகப்போவதாக அக்கா எழுதியிருந்தாள். "பிறகு நான் மற்றவை ஓடுறதைப் பார்த்துத்தான் ஓடவேணும்" என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் சிரிக்கிற மாதிரி ஒரு முகமும் கீறியிருந்தாள். பஸ்ரியனுக்கு அந்த முகத்தைத்தான் தாங்க முடியவில்லை.

வடக்கே எந்தெந்தச் சாமான் கொண்டுபோகத் தடை என்று அறிய, கொழும்பில் இருக்கும் மச்சான் அகஸ்ரின் பாதுகாப்பு அமைச்சுக்கு நேரில் போனான். பட்டியல் இருக்கிறது, ஆனால் பாதுகாப்புக் காரணத்துக்காக அதை வெளியே காட்டுவதில்லை என்றார்கள். அப்படியென்றால் எதை அனுப்பலாம் என்று கேட்டான். பட்டியலில் இல்லாத எதையும் தாராளமாக அனுப்பலாம் என்று மிகுந்த மரியாதையோடு சொல்லி, தேத்தண்ணியும் கொடுத்து விட்டார்களாம்.

இனி எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குவதுதான் வழி. ஒரு துண்டுத் தாளில் "காது மெசின் பற்றறி கொண்டுபோகலாம்" என்று எழுதி முத்திரை குத்தினால், கொண்டுபோகிறவர் அதைத் தடைமுகாமில் நீட்டலாம். பஸ்ரியன் கேட்டது அவ்வளவுதான். தனி ஆள் எழுதினால் எடுபடாது, குடிமக்கள் கடிதமாகப் போகட்டும் என்று நவரட்ணம்தான் கூட்டத்தைக் கூட்டினார்.

"முதல் என்ன மொழியில எண்டு தீர்மானிப்பம்," என்றார் நவரட்ணம்.

"தமிழில எழுதுவம் அண்ணை. அதுவும் அரச கருமமொழி எண்டு சட்டத்தில கிடக்கு," என்றார் இரத்தினவேல்.

"தமிழில எழுதினா வாசிக்க ஆள் தேடவே அவங்களுக்கு ஒரு வருசம் போகும்."

"அப்ப இங்கிலீசில எழுதினா உடன வாசிப்பாங்களோ?"

"இல்லை. வாசியாமலே உடன பதில் போடுவாங்கள். அது காரியமில்லையோ?"

ஆங்கிலம் என்று முடிவாயிற்று. பஸ்ரியன் ஊர்காவற்றுறையில் படித்த முறைப்படி வலது மேல்மூலையில் விலாசம், அதன் கீழ் திகதி, இடது பக்கம் பெறுநர் என்று எழுதி, "ஐயா" வரை வந்தார்.

"இனி நான் சொல்லச் சொல்ல எழுதும்," என்று நவரட்ணம் கண்ணை மூடினார். "இலங்கை சுதந்திரம் அடைஞ்ச ஆயிரத்துத் தொளாயிரத்து நாப்பத்தெட்டாம் ஆண்டு..."

"தலைவர், பற்றறி?" என்றார் பஸ்ரியன்.

"வரும், வரும். அத்திவாரம் போடாமல் கூரை போடுறதே?"

அத்திவாரம் மூன்று பக்கம் போனது. இரண்டு அரசியலமைப்புகள் வந்தன, கிழித்த ஒப்பந்தங்கள் வந்தன. இடையில் கமலாம்பிகை, வடக்கே போகாத குடையும் சவர்க்காரமும் பற்றிக் கேட்காவிட்டால் பெண்களை மதிக்காத கடிதம் என்று சொல்லி அரைப்பக்கம் வாங்கிக்கொண்டார். பிறகு, "உதோட சேத்து, அரசாங்கக் கச்சேரியில தேடித் தாறம் எண்டு சொல்லித் தராத என்ர காணி உறுதிப் பத்திரப் பிரதியைப் பற்றியும் ஒரு வரி போடுமன் தம்பி. எல்லாம் ஒரே அரசாங்கம்தானே," என்றார். இரத்தினவேலுக்குச் சங்கதி எதுவும் வேண்டாம், சூடுதான் வேண்டும். ஒவ்வொரு "கண்டிக்கிறோம்" முன்னாலும் "வன்மையாக" போடச் சொன்னார். ஏற்கெனவே "வன்மையாக" இருந்த இடங்களில் "மிக" போடச் சொன்னார்.

"பிரதிகள்: ஐக்கிய நாடுகள் சபை," என்றார் நவரட்ணம். "கனடியப் பிரதமர். வத்திக்கானுக்கும் ஒண்டு. பஸ்ரியன் வேதக்காரர் தானே."

"பாப்பரசருக்குக் காணி உறுதி விளங்குமோ அண்ணை?" என்று றோசலின் வாசலில் இருந்து கேட்டாள்.

ஒன்பதாம் பக்கத்தில் "இங்ஙனம், உண்மையுள்ள குடிமக்கள்" என்று எழுதி, பஸ்ரியன் பேனையைத் தலைவருக்கு நீட்டினார்.

நவரட்ணம் பேனையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "நான் போன வருசம் இஞ்சை கனடாக் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் எடுத்திட்டனே. எடுத்த நிமிசமே இலங்கைக் குடியுரிமை போச்சு. குடிமகன் எண்டு நான் கையெழுத்துப் போட்டா அது பொய். பொய்யில தொடங்கக் கூடாது."

பேனை கமலாம்பிகையிடம் போனது. "ஐயோ தம்பி, மகன் இஞ்சை வரக் கேட்ட பொலிஸ் றிப்போட் கொழும்பில நிக்குது. நான் உதில பேரைப் போட்டா, அது அங்கையே நிண்டிடும்."

இரத்தினவேல் பேனை வருமுன்னமே எழுந்துவிட்டார். "எனக்கு அகதிக் கேஸ் மாசியில. உந்த அரசாங்கத்துக்குப் பயந்து ஓடிவந்தன் எண்டு சொல்லிப்போட்டு, அதுக்கே பேர் விலாசத்தோட கடிதம் போட்டனோ? 'சுகமா இருக்கிறீங்களா எண்டு கேட்டு எழுதுற அளவுக்கு நெருக்கமோ' எண்டு கேப்பாங்கள்."

"சுகம் எங்க கேட்டனாங்கள்? மிக வன்மையாகக் கண்டிச்சனாங்கள்," என்றாள் றோசலின்.

"அது இன்னும் மோசம் அக்கா. பயமில்லாத ஆள்தானே கண்டிப்பான்!"

குடிமக்கள் கடிதத்துக்கு அங்கே இருந்த குடிமக்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்த பஸ்ரியனுக்கு, எண்ண அதிக நேரம் எடுக்கவில்லை.

"எனக்கு வாற வெள்ளிக்கிழமை சத்தியப்பிரமாணம்," என்றார். "அதுவரைக்கும் நான் அந்த நாட்டுக் குடிமகன்தான். நான் போடுறன்."

"பாத்தீரே!" நவரட்ணம் தொடையில் தட்டினார். "நீர் போடும். நாங்கள் எல்லாரும் பின்னால நிக்கிறம்."

பஸ்ரியன் ஒன்பது பக்கத்தையும் முதலிலிருந்து வாசித்தார். பற்றறி ஏழாம் பக்கத்தின் அடியில், சவர்க்காரத்துக்கும் காணி உறுதிக்கும் நடுவில், ஒரு வரியாகக் கிடந்தது. அந்த ஏழாம் பக்கம்வரை அமைச்சில் எந்தக் கிளாக்கர் வருவார்? வந்தாலும், அதற்குமுன் வாங்கிய ஏச்சுக்கு என்ன பதில் எழுதுவார்? அவர் புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

"என்ன செய்யிறீர்?"

"ஒரு கடிதத்துக்கு ஒரு விசயம், அண்ணை. பள்ளிக்கூடத்தில அப்பிடித்தான் படிச்சனான். மற்ற விசயத்துக்கு மற்றக் கடிதம்."

"கூட்டம் ஏகமனதாக நிறைவேற்றினதைத் தனி ஆள் வெட்ட ஏலாது!"

"அப்ப ஏகமனதாக் கையெழுத்தும் போடுங்கோ."

நவரட்ணத்துக்கு விருந்தினர் பார்க்கிங்கில் களவாக விட்ட கார் ஞாபகம் வந்தது. இரத்தினவேலுக்குப் பீட்சா ஞாபகம் வந்தது. கமலாம்பிகை மட்டும் கதவடியில் தயங்கி, "நாற்பத்தெட்டைத் தூக்கினது சரி தம்பி. என்ர உறுதிக்கு ஒரு வரி..." என்றார். வருகிற கிழமை அதற்குத் தனிக்கடிதம் எழுதித் தருவதாக பஸ்ரியன் சொன்னார். "அப்ப நீர் குடிமகன் இல்லையே?" என்றார் அவர். "நீங்கள் இருக்கிறீங்கள் அன்ரி. கையெழுத்து உங்கட." அவர் அதைப்பற்றி யோசிப்பதாகச் சொல்லிப் போனார்.

புதுக் கடிதம் அரைப் பக்கம்கூட வரவில்லை. நான் இலங்கைக் குடிமகன். காது கேளாத என் சகோதரியின் கருவிக்குரிய பற்றறி தடைசெய்யப்பட்ட பொருளா? ஆம் எனில், எந்த உத்தரவின்படி என்று அறியத்தரவும். இல்லை எனில், அதை ஒரு வரியில் எழுதித்தரவும். பொருள் இதனுடன் ஒட்டப்பட்டுள்ளது. காது மெசின் கடையில் வாங்கி வைத்திருந்ததில் ஒரு பற்றறியை எடுத்து, தாளின் அடியில் ஸ்கொச் ரேப்பால் ஒட்டினார்.

"இஞ்சருங்கோ," றோசலின் இப்போது சோபாவில் இருந்தாள். "அக்கான்ர பேரைப் போடாதேங்கோ. உங்கட பேர் அங்க பைலில ஏறினாக் காணும்."

"போடேல்லை. என்ர பேர் ஏறட்டும். பைலில ஏறாமல் பதில் இறங்காது."

"பதில் வரமுந்தி நீங்கள் கனடாக்காரன். பிறகு உமக்கேன் பதில் எண்டு கேட்டா?"

அவர் அதை யோசித்தார். பேனையை எடுத்து, திகதியின் மேல் இன்னொரு முறை அழுத்தி எழுதினார். "கேட்ட அண்டைக்கு நான் ஆர் எண்டு இதில கிடக்கு."

கையெழுத்து வைத்து, தாளை மூன்றாக மடித்தார். பற்றறி இருந்த இடம் சின்னக் கொப்புளம்போல எழும்பி நின்றது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு உறையை நாக்கில் நனைத்து ஒட்டினார். கோந்து கைத்தது. பாரம் கூடும் என்று றோசலின் இன்னொரு முத்திரை ஒட்டினாள். இருவரும் ஜக்கெற் போட்டுக்கொண்டு, லிப்டில் இறங்கி, பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புத் தபால்பெட்டியடிக்குப் போனார்கள். பஸ்ரியன் மூடியை இழுத்துக் கடிதத்தைப் போட்டார். மூடி திரும்பிச் சாத்திக்கொண்டது. கடிதம் எங்கேயாவது செருகி நிற்கிறதோ என்று மறுபடி இழுத்து எட்டிப் பார்த்தார். இல்லை, போய்விட்டது.