திங்கட்கிழமை பெஞ்சு

நன்னடத்தை அலுவலரம்மாவுக்கு அன்று காலையிலிருந்தே மூக்கின் மேல் கோபம். பின்னே இருக்காதா? அவருடைய கண்காணிப்பில் இருந்த வாயாடியைத் திரும்பவும் சிறார் இல்லத்துக்கே அனுப்பச் சொல்லி மேலதிகாரி புகார் கொடுத்துவிட்டார். பழைய கூட்டாளியோடு சேரக்கூடாது என்பது நிபந்தனை. அதை மீறிவிட்டாளாம்.

வாயாடிக்குப் பதினாறு வயது. அந்தக் கூட்டாளியோடு திருட்டு வண்டி ஓட்டி மாட்டியவள், இப்போது ஒரு பட்டறையில் வண்டிகளைப் பழுது பார்க்கிறாள். கை முழுக்கக் கிரீஸ், வாய் முழுக்கப் பேச்சு. முதலாளி அவளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளத் தயார். இல்லத்துக்குப் போனால் எல்லாம் மண்ணாகிவிடும்.

நீதிபதியின் அறையில் அவளுடைய அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வாயாடி பக்கத்தில் நின்று நகத்திலிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நானே என் கண்ணால பாத்தேங்க. அந்தப் பையன்கூட ஒரு மணி நேரம் சிரிச்சுப் பேசிட்டு இருந்தா," என்றார் மேலதிகாரி.

அலுவலரம்மாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"எங்க சார் பாத்தீங்க?"

"எங்க பாத்தா என்னம்மா?"

"சொல்லுங்க சார்."

மேலதிகாரி தொண்டையைச் செருமினார். "நம்ம ஆபீஸ் பெஞ்சுலதான்."

கண்காணிப்பில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும், அந்தப் பையனும்கூட, திங்கட்கிழமைதோறும் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். கூப்பிடும்வரை அந்த ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். யாரோடு சேராதே என்கிறார்களோ அவனையே பக்கத்தில் உட்கார வைப்பதும் இவர்கள்தான், சேர்ந்தாள் என்று பிடித்துக் கொடுப்பதும் இவர்கள்தான். நல்ல கூத்து.

"ஐயா, வரச்சொன்னதும் நாம, உக்காரச்சொன்னதும் நாம. அவ வேற எங்க போவா? இனிமே நாங்களே பிள்ளைங்க இருக்கற இடத்துக்குப் போய்ப் பாக்குறோமே," என்றார் அலுவலரம்மா நீதிபதியிடம்.

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்ப நிபந்தனையை மீறினது உங்க பெஞ்சுதான். புகார் தள்ளுபடி. இனிமே ஒரு பிள்ளையும் அங்க வந்து உக்கார வேணாம். நீங்களே போய்ப் பாருங்க."

அம்மா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அலுவலரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவர் பட்டறைக்குப் போனார். வாயாடி ஒரு வண்டிக்கு அடியில் கிடந்தாள்.

"மேடம், கையில வேலையா இருக்கேன். அந்தப் பெஞ்சுல உக்காருங்க, கூப்பிடறேன்."

அலுவலரம்மா உட்கார்ந்தார். வாழ்நாளில் அவர் இவ்வளவு சந்தோஷமாக எங்கும் காத்திருந்ததில்லை.