வாடகையில் தண்ணீரும் அடக்கம்

"வாடகையில் தண்ணீரும் அடக்கம்" என்று வாசலில் போர்டு மாட்டிய என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். இந்த முறை வந்த தண்ணீர் பில்லைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. குடித்தனக்காரர்களின் வீடு வீடாகப் போய்க் குழாய்களைச் சோதித்தேன். மாடி வீட்டுக் கழிப்பறையில் ஃப்ளஷ் தொட்டி நிற்காமல் ஒழுகிக்கொண்டிருந்தது.

"எப்போலேருந்து இப்படி ஓடுது?" என்று அங்கே குடியிருக்கும் டிரைவரிடம் கேட்டேன்.

"நாங்க குடிவந்ததுலேருந்தே இப்படித்தாண்ணே."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"தண்ணி பில்லு நீங்கதானே கட்டுறீங்க? உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்."

"பழைய ஃபேன் கரண்ட்டை இழுக்குது, மாத்திக் குடுங்கன்னு மட்டும் விடாம போன் பண்ணீங்களே?"

"கரண்ட் பில்லு நாங்க கட்டுறதாச்சேண்ணே!"

என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது போலும். "கோபப்படாதீங்கண்ணே," என்றவர், உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏம்மா, அண்ணனுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டு வா."

அவர் மனைவி சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, தண்ணீர் ஜில்லென்று வரும்வரை டம்ளரோடு பக்கத்தில் காத்து நின்றார்.